நிதி ஆலோசகரை எதைக் கொண்டு நம்புவது?

வைத்தியர் தந்த மருந்து சரியில்லை என்றால் ஒரு வாரத்தில் உடம்பு சொல்லிவிடும். கொத்தனார் வைத்த சுவர் சரியில்லை என்றால் அடுத்த மழையில் தெரிந்துவிடும். ஓய்வுக்காலத்துக்குப் பணம் சேர்க்கும் வழியைச் சொன்னவர் சரியாகச் சொன்னாரா என்பது தெரிய இருபது வருடம் ஆகும். அப்போதுகூட லாபம் வந்தது அவருடைய திறமையாலா, சந்தை ஏறியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வாங்கி, பயன்படுத்தி முடித்த பிறகும் தரம் புலப்படாத இத்தகைய சேவைகளைப் பொருளியலாளர்கள் தனி வகையாகவே வைக்கிறார்கள். தரத்தை நேராகப் பார்க்க முடியாதபோது மக்கள் ஏதாவது ஒரு வெளி அடையாளத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த அடையாளம் எதுவாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகள் வந்திருக்கின்றன: தெரிந்தவராக இருக்க வேண்டும், படித்துச் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும், அரசின் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், கமிஷன் வாங்காதவராக இருக்க வேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அச்சத்துக்குப் பதிலாகப் பிறந்தவை. ஒன்று தீர்க்கும் அச்சத்தை மற்றது தீர்ப்பதில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதும் கிடைத்துவிட்டதாக எண்ணுவதுதான் இந்தியக் குடும்பங்களுக்கு அதிக நஷ்டத்தைத் தந்திருக்கிறது என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

தெரிந்தவர் என்ற பழைய விடை

பழைமையான விடை அறிமுகம். அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் நடத்திய வட்டித் தொழில் பெரிதும் ஊர், கோயில், உறவு என்ற வட்டத்துக்குள் இருந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது. நாணயம் தவறியவருக்கு அந்த வட்டத்தில் பெண் கொடுப்பவர் இல்லை, கடன் கொடுப்பவரும் இல்லை. தண்டிக்கும் வலிமை இருந்ததால் அங்கே அறிமுகம் வேலை செய்தது. தெருவில் பத்துப் பேர் சேர்ந்து போடும் சீட்டிலும் இதே விசைதான். எடுத்தவர் கட்டாமல் போனால் மறுநாள் காலையில் அதே தெருவில்தான் நடந்தாக வேண்டும்.

அந்தத் தண்டிக்கும் வலிமை கரைந்த பிறகும் அறிமுகத்தின் மேல் வைத்த நம்பிக்கை மட்டும் கரையாமல் இருப்பதில்தான் கோளாறு. 1990களில் தமிழ்நாட்டில் அதிக வட்டி காட்டி வைப்பு வாங்கிய நிதி நிறுவனங்கள் வரிசையாகச் சரிந்தபோது, வைப்பீட்டாளர் நலனைக் காக்க 1997இல் மாநில அரசு தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அந்தச் சட்டம் வந்து பதினைந்து வருடம் கழித்து, 2012இல், கொங்குப் பகுதியில் மாதாமாதம் பணம் தருவதாகச் சொல்லி முதலீடு திரட்டிய ஈமு கோழிப் பண்ணைத் திட்டங்கள் சரிந்தன. இத்தகைய திட்டங்கள் பரவும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். முன்பே பணம் போட்டு, முதல் சில மாதத் தொகையைக் கையில் வாங்கியவர் தன் மைத்துனரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்து வருகிறார். அழைத்து வருபவர் பொய் சொல்வதில்லை, தனக்குத் தெரிந்ததைத்தான் சொல்கிறார். அவருடைய நேர்மை உண்மையானது, ஆனால் திட்டத்தின் நேர்மைக்கு அது எந்த விதத்திலும் சாட்சி ஆகாது. அறிமுகம் என்ற விடையின் பலவீனம் முழுவதும் இந்த இடைவெளியில் இருக்கிறது.

சான்றிதழ் என்ற விடை

அடுத்த விடை அமெரிக்காவில் உருவானது. 1969 டிசம்பரில் லோரன் டன்டன் என்பவரின் முயற்சியில் 13 பேர் சிகாகோவில் கூடினார்கள். காப்பீடும் மியூச்சுவல் ஃபண்டும் விற்கும் உலகத்திலிருந்து வந்த கூட்டம் அது. ஒரு பொருளை விற்பதற்குப் பதிலாக ஒரு குடும்பத்தின் வரவு, செலவு, கடன், காப்பீடு, வரி, ஓய்வுக்காலம், வாரிசுரிமை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தொழிலை உருவாக்க வேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம். அதற்கென்று ஒரு கல்லூரி ஏற்பட்டது, 1973இல் முதல் அணி தேறி வந்தது. இன்று சி.எஃப்.பி. என்ற மூன்றெழுத்தில் உலகம் முழுவதும் அறியப்படும் சான்றிதழின் தொடக்கம் இது. பாடத்திட்டம், தேர்வு, பணி அனுபவம், நடத்தை விதி என்ற நான்கையும் அது கேட்கிறது. இந்தியாவிலும் இந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் சில ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

இந்தச் சான்றிதழின் மதிப்பைக் குறைத்துப் பேசக் கூடாது. மியூச்சுவல் ஃபண்ட் விற்பதற்கான என்.ஐ.எஸ்.எம். தேர்வில் நூற்றுக்கு ஐம்பது வாங்கினால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதும் இல்லை. அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு குடும்பத்தின் முழுக் கணக்கையும் கையில் கொடுத்துத் திட்டம் தீட்டச் சொல்லும் பயிற்சி வேறு தளத்தில் நிற்கிறது. ஆனால் சான்றிதழ் அளப்பது அறிவை. அறிவு இருப்பவர் அதை யாருக்காகப் பயன்படுத்துகிறார் என்பது தேர்வுத்தாளில் தெரியாது. நடத்தை விதியை மீறுபவரைக் கண்டுபிடிக்கும் வலிமை சான்றிதழ் அமைப்புகளுக்கு எவ்வளவு உண்டு என்பதும் ஐயத்துக்கு உரியது. சி.எஃப்.பி. சான்று பெற்றவர்களைத் தேடித் தரும் அமெரிக்க இணையதளத்தில், அரசுப் பதிவேடுகளில் புகாரோ நடவடிக்கையோ பதிவாகியிருந்த ஆயிரக்கணக்கானோரைப் பற்றிய அந்தத் தகவல் காட்டப்படவில்லை என்பதை 2019இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிக்கொண்டு வந்தது. உறுப்பினர் செலுத்தும் கட்டணத்தில் நடக்கும் அமைப்பு அந்த உறுப்பினரையே தண்டிக்க வேண்டியிருப்பதில் உள்ள சங்கடம் எந்த நாட்டுக்கும் பொதுவானது.

சட்டம் சொல்லும் விடை

தண்டிக்கும் வலிமை அரசிடம் இருக்கட்டும் என்பது மூன்றாவது விடை. அமெரிக்காவில் 1940இலேயே முதலீட்டு ஆலோசகர் சட்டம் வந்தது. ஆலோசகர் தன் நலனுக்கு மேலாக வாடிக்கையாளர் நலனை வைக்கக் கடமைப்பட்டவர் என்பதை 1963இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இந்தியாவில் இதற்கு இணையான விதிகளைப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2013இல்தான் கொண்டுவந்தது. கட்டணம் பெற்று முதலீட்டு ஆலோசனை சொல்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும், வாடிக்கையாளரின் நலனைக் காக்கும் பொறுப்பாளராக நடக்க வேண்டும் என்பது அதன் மையம். 2020இல் செய்த திருத்தம் இன்னும் ஓர் அடி போனது. தனிநபராகப் பதிவு செய்த ஆலோசகர் கமிஷனுக்கு ஃபண்ட் விற்கக் கூடாது. ஆலோசகராகப் பதிவு பெறாத ஃபண்ட் விநியோகஸ்தர் தன் பலகையில் 'நிதி ஆலோசகர்', 'வெல்த் அட்வைசர்' என்ற பொருள்படும் பட்டங்களைப் போட்டுக்கொள்ளக் கூடாது.

சி.எஃப்.பி. சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் இந்தியாவில் கட்டணம் வாங்கிக்கொண்டு முதலீட்டு ஆலோசனை சொல்லும் உரிமை வந்துவிடாது, அதற்கு செபி பதிவு தனியாக வேண்டும். செபி பதிவு பெற்ற ஒருவரிடம் சி.எஃப்.பி. இல்லாமலும் இருக்கலாம். சி.எஃப்.பி. வைத்திருக்கும் ஒருவர் முழுநேரமும் கமிஷனுக்கு விற்பவராகவும் இருக்கலாம், அதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. 'சான்றிதழ் பெற்ற ஆலோசகர்' என்ற ஒரே சொல்லுக்குள் மக்கள் இந்த மூன்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பிரித்தறியும் வழி எளிது. செபியில் பதிவு பெற்ற ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்ற எழுத்துகளில் தொடங்கும். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தரின் எண் ஏ.ஆர்.என். என்று தொடங்கும். முதலாமவர் நமக்காகப் பேசச் சட்டப்படி கடமைப்பட்டவர், இரண்டாமவர் சட்டத்தின் கண்ணில் விற்பனையாளர். முகவரி அட்டையில் எந்த எண் இருக்கிறது என்று பார்ப்பதும், அந்த எண்ணை செபியின் இணையதளத்தில் போட்டுச் சரிபார்ப்பதும் ஐந்து நிமிட வேலை.

சட்டத்தின் குறையும் வெளிப்படையானது. நாடு முழுவதும் செபி பதிவு பெற்ற ஆலோசகர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான். மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்களோ ஐந்து கோடியைத் தாண்டிவிட்டார்கள். எல்.ஐ.சி. ஒன்றில் மட்டுமே பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் முகவர்கள் இருக்கிறார்கள். காப்பீடும் வங்கி வைப்பும் செபியின் எல்லைக்குள் வருவதில்லை என்பதால் ஒரே குடும்பத்தின் பணம் மூன்று நான்கு மேற்பார்வையாளர்களுக்கு இடையே சிதறிக் கிடக்கிறது. 2010இல், காப்பீட்டையும் சந்தை முதலீட்டையும் சேர்த்த யூலிப் திட்டங்கள் யாருடைய அதிகாரத்துக்குள் வரும் என்று செபியும் காப்பீட்டு ஆணையமும் மோதி, கடைசியில் மத்திய அரசு அவசரச் சட்டம் பிறப்பித்துத்தான் அது முடிந்தது. பதிவு என்பது தீய எண்ணத்தை வடிகட்டும் சல்லடையும் அல்ல. ஈகன், மாட்வோஸ், சேரு ஆகிய மூவர் அமெரிக்க ஆலோசகர்களின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ 7 சதவீதம் பேர் மீது முறைகேட்டுப் பதிவு இருந்தது. முறைகேட்டுக்காக வேலை இழந்தவர்களில் கணிசமானோர் ஓராண்டுக்குள் வேறு நிறுவனத்தில் அதே வேலையில் சேர்ந்துவிட்டார்கள். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தப் பதிவேடு பொதுவில் இருந்ததால்தான் இதைக் கணக்கிடவாவது முடிந்தது.

கூலியை யார் தருகிறார்?

நான்காவது விடை ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவருக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் சொல்கிறது. இந்தியச் சான்றுகளை வைத்துப் பார்த்தால் நான்கில் வலுவான விடை இதுதான். ஒரு லட்ச ரூபாயை வைத்திருக்கும் முப்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதை அவர் மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் விற்றவருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வரும். அதே தொகையைச் சேமிப்பும் காப்பீடும் கலந்த என்டோமென்ட் பாலிசியின் முதலாண்டு பிரீமியமாகக் கட்டினால், காப்பீட்டுச் சட்டம் நெடுங்காலம் அனுமதித்த வரம்பின்படி 35 சதவீதம் வரை, அதாவது 35,000 ரூபாய் வரை, கமிஷன் போக முடிந்தது. இறந்தால் மட்டும் தொகை தரும் டேர்ம் பாலிசிக்குப் பிரீமியமே சில ஆயிரங்கள் என்பதால் கமிஷனும் அதற்கேற்பச் சிறியது. இந்த மூன்றில் எதை எடுத்துச் சொல்வது என்று முடிவு செய்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் இழுக்கப்படுகிறார்.

இழுப்பு வெறும் ஊகம் அல்ல. அனாகோல், கோல், சர்க்கார் ஆகிய ஆய்வாளர்கள், பயிற்சி தரப்பட்ட ஆட்களை வாடிக்கையாளர்போல இந்தியாவில் ஆயுள் காப்பீட்டு முகவர்களிடம் அனுப்பிப் பார்த்தார்கள். டேர்ம் பாலிசி தேவை என்று தெளிவாகத் தெரிந்த இடத்திலும் பெரும்பாலான முகவர்கள் கமிஷன் அதிகமுள்ள பாலிசியையே பரிந்துரைத்தார்கள். விவரம் குறைந்தவராகத் தெரிந்தவருக்குக் கிடைத்த ஆலோசனை இன்னும் மோசமாக இருந்தது. மோனிகா ஹாலன், ரேணுகா சானே, சூசன் தாமஸ் மூவரும் செய்த மதிப்பீட்டின்படி, 2004-05க்கும் 2011-12க்கும் இடையே பாலிசிகள் பாதியில் காலாவதியானதால் மக்கள் இழந்த தொகை ஏறத்தாழ 1.5 லட்சம் கோடி ரூபாய். மதிப்பீட்டு முறையில் கருத்து வேறுபாடு இருக்கலாம். தொகையின் அளவு பாதியாகக் குறைந்தாலும் அது ஒரு தலைமுறையின் சேமிப்புக்கு நேர்ந்த காயம்தான்.

கமிஷனையே ஒழித்துவிட்டால் என்ன என்று சில நாடுகள் முயன்று பார்த்தன. பிரிட்டன் 2012 டிசம்பர் 31 முதல் முதலீட்டு ஆலோசனைக்குக் கமிஷனைத் தடை செய்தது, அதோடு ஆலோசகருக்கான கல்வித் தகுதியையும் உயர்த்தியது. ஆஸ்திரேலியாவிலும் இதையொட்டிய சீர்திருத்தங்கள் வந்தன. இந்தியாவில் செபி 2009 ஆகஸ்டு முதல் மியூச்சுவல் ஃபண்டுக்கான நுழைவுக் கட்டணத்தை நீக்கியது, 2013 ஜனவரி முதல் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான்களைக் கட்டாயமாக்கியது. எதிர்ப்பவர்கள் சொல்வது இது: கமிஷன் போனால் ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் ஆலோசனையே கிடைக்காது, கையால் காசோலை எழுதிக் கட்டணம் தர அவர்கள் தயாராக இல்லை. இதில் உண்மை இருக்கிறது. பிரிட்டனில் ஓர் ஆண்டில் முறையான நிதி ஆலோசனை பெறும் பெரியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவில் ஆலோசகர் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 28,000 அளவிலிருந்து 16,000 அளவுக்கு இறங்கியது. கட்டண முறையும் தானாகத் தூய்மையாகிவிடுவதில்லை. செய்யாத சேவைக்கும், இறந்துபோன வாடிக்கையாளர்களின் கணக்கிலிருந்தும் கட்டணம் பிடிக்கப்பட்டதை ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம் 2018இல் வெளிப்படுத்தியது.

ஆனால் எதிர்ப்பாளரின் வாதத்தில் ஒரு மறைப்பும் உண்டு. கமிஷன் முறையில் ஆலோசனை இலவசம் என்பது தோற்றம் மட்டுமே. பத்து லட்ச ரூபாய் ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் இருபது ஆண்டில் சுமார் 80.6 லட்சம் ஆகும். கமிஷனுக்காக ஒரு சதவீதம் குறைந்து 10 சதவீதமாக வளர்ந்தால் 67.3 லட்சம். இடையிலுள்ள பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தொகைதான் அந்த 'இலவச' ஆலோசனையின் விலை. அது கொடுக்கத் தகாத விலை என்று எடுத்த எடுப்பில் சொல்லவும் கூடாது. 2020 மார்ச்சில் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தபோது பதறி விற்க வந்தவரைத் தடுத்து உட்கார வைத்த விநியோகஸ்தர்கள் பலர். அந்த ஒரு சொல் பல வருடக் கமிஷனுக்கு ஈடானதாக இருந்திருக்கலாம். விலை தெரிந்து கொடுப்பதும் தெரியாமல் கொடுப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் வலியுறுத்த வேண்டியிருக்கிறது.

வெளிப்படையாகச் சொன்னால் போதுமா?

அப்படியானால் கமிஷனை ஒழிக்க வேண்டாம், வெளியே சொல்ல வைத்தால் போதும் என்பது சமரச விடை. இந்தியாவில் அதற்கும் விதி இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் முதலீட்டாளருக்கு அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையில், அவருடைய முதலீட்டின் பேரில் விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் எத்தனை ரூபாய் என்று 2016 அக்டோபர் முதல் அச்சிட்டுத் தர வேண்டும். அந்த அறிக்கை பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப். ஆக மின்னஞ்சலில் வரும். முதல் பக்கத்தில் மொத்த மதிப்பு பெரிய எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு திட்டத்தின் பெயருக்குப் பின்னாலும் 'ரெகுலர்' (கமிஷன் உள்ளது) அல்லது 'டைரக்ட்' என்ற ஒரு சொல் இருக்கும். கமிஷன் தொகை அட்டவணையின் உள்ளே சிறிய எழுத்தில் ஒரு கட்டத்தில் இருக்கும். தேடிப் போய்ப் பார்த்தால் கிடைக்கும் உண்மை அது. பெரும்பாலோர் மொத்த மதிப்பைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

வெளிப்படைத்தன்மைக்கு எதிரான கடுமையான சான்று ஓர் உளவியல் சோதனையிலிருந்து வருகிறது. கேன், லோவன்ஸ்டீன், மூர் 2005இல் வெளியிட்ட சோதனையில், தன் ஆதாயத்தைச் சொல்லிவிட்ட ஆலோசகர்கள் முன்பைவிட அதிகமாக மிகைப்படுத்தினார்கள். 'சொல்லிவிட்டேன், இனி என் மேல் பழி இல்லை' என்ற மனநிலை அது. கேட்டவர்களும் அந்த மிகையைப் போதிய அளவு கழித்துப் பார்க்கவில்லை. மேலே சொன்ன இந்தியக் காப்பீட்டு ஆய்விலும் இதற்கு ஒத்த முடிவு கிடைத்தது. யூலிப்புக்குக் கமிஷனை வெளியிட வேண்டும் என்ற விதி வந்ததும், முகவர்கள் அந்த விதி தொடாத வேறு பாலிசிக்கு நகர்ந்துவிட்டார்கள். ஒரு கதவை மட்டும் கண்ணாடியாக்கினால் போக்குவரத்து அடுத்த கதவு வழியாக நடக்கும்.

கமிஷன் போன பிறகும் எஞ்சும் தவறு

இதுவரையிலான சான்றுகள் கட்டணம் மட்டும் வாங்கும், செபி பதிவு பெற்ற ஆலோசகரின் பக்கம் சாய்கின்றன. அத்தோடு நிறுத்திவிடலாம் என்று தோன்றும். நிறுத்த முடியாதபடி ஒரு கனடிய ஆய்வு குறுக்கே நிற்கிறது. லின்னைன்மா, மெல்சர், ப்ரெவிடெரோ ஆகியோர் ஆயிரக்கணக்கான ஆலோசகர்களின் சொந்தக் கணக்குகளையும் அவர்களுடைய வாடிக்கையாளர் கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். வாடிக்கையாளருக்குச் செய்த அதே தவறுகளை ஆலோசகர்கள் தங்கள் பணத்திலும் செய்திருந்தார்கள். அடிக்கடி வாங்கி விற்றார்கள், ஏறியதைத் துரத்தினார்கள், செலவு அதிகமுள்ள ஃபண்டுகளை விரும்பினார்கள். தொழிலை விட்டு விலகிய பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தது. இவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை, தாங்கள் சொன்னதை உண்மையாகவே நம்பினார்கள். இத்தகைய ஆலோசகரிடமிருந்து கமிஷனை அகற்றினாலும் ஆலோசனை மேம்படாது.

கமிஷனை அகற்றுவது தீர்க்கும் கேள்வி விசுவாசம், சான்றிதழ் தீர்க்க முயலும் கேள்வி அறிவு. சிலர் செய்வதுபோல முன்னதைக் காட்டிப் பின்னதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது பிழை. செபி 2024 டிசம்பரில் செய்த திருத்தங்களை இந்த ஒளியில் பார்க்க வேண்டும். ஆலோசகர் எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக, முதுநிலைத் தகுதி வேண்டும் என்றிருந்தது இளநிலைப் பட்டமாகக் குறைக்கப்பட்டது. அனுபவ நிபந்தனை எடுக்கப்பட்டது. நிகரச் சொத்து இருக்க வேண்டும் என்ற விதிக்குப் பதில், வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை வைப்புத்தொகை கேட்கப்பட்டது. நுழைவாயில் அகலமானது நல்லதுதான். ஆனால் சட்டம் அறிவின் அளவுகோலைத் தாழ்த்தும்போது, தானாக முன்வந்து பெறும் தொழில்முறைச் சான்றிதழின் எடை கூடுகிறது. செபி எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு 'இதற்கு மேல் என்ன படித்திருக்கிறீர்கள்' என்று கேட்பதற்கு முன்பைவிட இப்போது அதிகக் காரணம் இருக்கிறது.

ஜென்னையோலி, ஷ்லைஃபர், விஷ்னி ஆகியோர் முன்வைக்கும் இன்னொரு பார்வையும் கவனிக்கத்தக்கது. மக்கள் ஆலோசகரிடம் வாங்குவது லாபத்தை அல்ல, பயமின்றி முதலீடு செய்யும் மனத்தெம்பை என்கிறார்கள் அவர்கள். எல்லாப் பணத்தையும் சேமிப்புக் கணக்கிலும் நகையிலும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, சற்று விலை கூடிய ஆலோசகர்கூட ஆலோசகரே இல்லாததைவிட மேலாக இருக்கலாம். இந்த வாதம் எனக்கு ஓரளவு ஏற்புடையது. அதன் ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. மனத்தெம்பை விற்கத் தெரிந்தவர்களில் ஈமு கோழி விற்றவர்களும் அடங்குவார்கள்.

தீராமல் நிற்பவை

இன்றுள்ள சான்றுகளை வைத்துச் சோதனைக்கு ஒரு வரிசை சொல்லலாம். முதலில் சட்டப் பதிவு, அதாவது ஐ.என்.ஏ. எண், அதன் மீதுள்ள செபி உத்தரவுகள், புகார்களின் எண்ணிக்கை. அடுத்து வருமானத்தின் ஊற்று. அவர் அல்லது அவருடைய குடும்பத்தார் நம்மிடம் எதையாவது விற்றுக் கமிஷன் பெறுகிறார்களா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். காசோலை ஃபண்ட் நிறுவனத்தின் பெயரில் போகிறதா, ஆலோசகரின் பெயரில் போகிறதா என்பதும் இதில் அடங்கும். அவருக்கு உரிய கட்டணத்தைத் தவிர வேறு ஒரு ரூபாயும் அவர் கணக்குக்குப் போக வேண்டிய தேவை இல்லை. அதன் பிறகே சான்றிதழ். அறிமுகத்துக்குக் கடைசி இடம்தான், ஆனாலும் இடம் உண்டு. தெரிந்தவரிடம் கேட்க வேண்டியது 'லாபம் வந்ததா' என்பதல்ல, 'சந்தை விழுந்த மாதத்தில் அவர் போனை எடுத்தாரா' என்பதுதான்.

ஆனால் இந்த வரிசையைப் பயன்படுத்தக் கூடியவர் யார்? செபி விதிப்படி தனிநபர் ஆலோசகர் ஒரு குடும்பத்திடம் வாங்கக்கூடிய நிலைக் கட்டணத்தின் உச்சவரம்பு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய். நடைமுறையில் பலர் அதைவிட மிகக் குறைவாகவே வாங்குகிறார்கள். அப்படியும் மாதம் முப்பதாயிரம் ரூபாய் சம்பளத்தில் இருக்கும் திருப்பூர்த் தொழிலாளியின் குடும்பத்துக்கு அது எட்டாது. டேர்ம் காப்பீடும் அவசர நிதியும் வட்டிக் கடனிலிருந்து மீளும் வழியும் அதிகம் தேவைப்படுவது அந்தக் குடும்பத்துக்குத்தான். அதன் கதவைத் தட்டுபவர் இன்றும் கமிஷனில் வாழும் முகவர் மட்டுமே. 2015இல் மத்திய அரசு அமைத்த சுமித் போஸ் குழு எல்லா நிதிப் பொருளுக்கும் ஒரே சீரான கமிஷன் ஒழுங்கை வலியுறுத்தியது. காப்பீட்டு ஆணையமோ 2023இல் பொருள்வாரியான கமிஷன் வரம்பையே எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தது. இரண்டும் எதிரெதிர்த் திசைகள். அந்தக் குடும்பத்துக்கான ஆலோசனைக் கட்டணத்தை அரசு ஏற்பதா, தொழிலாளர் வாரியங்கள் ஏற்பதா, அல்லது ஒருமுறை சந்திப்புக்குச் சில நூறு ரூபாய் என்ற எளிய முறை தானாக வளருமா என்பதற்கு இந்தியாவில் இன்னும் நம்பத்தக்க சோதனை நடக்கவில்லை. 2024 திருத்தத்துக்குப் பின் பதிவு பெறும் புதிய ஆலோசகர்களில் எத்தனை பேர் பெருநகரங்களுக்கு வெளியே உட்காருகிறார்கள் என்ற கணக்கு, அந்தச் சோதனையின் முதல் அளவீடாக இருக்க முடியும்.